கப்பல் அன்று பிந்தவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய பின் மூன்று தடவை எழுந்துவிட்டேன். முதலில் தேநீர் போட எழுந்தேன், பிறகு கார்ச் சாவி கொளுவியில் இருக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றால் உட்கார்ந்திருப்பது இலகு என்று நினைத்திருந்தேன். இந்த இலையுதிர்காலம் முழுவதும் ஹேர்னிங் வீட்டுக்குள் கையில் தொலைபேசியோடு நடந்துகொண்டேதான் இருந்தேன். கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடத்தை நீதான் எனக்கு அதில் இறக்கித் தந்தாய். நீலத்தின் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி. அது உங்கள் விரிகுடாவின் வாய்வரை வந்து, அரை நாள் நின்று, மூக்கைத் திருப்பிக்கொண்டு தெற்கே போனதை ஒக்டோபரில் இரண்டு தடவை பார்த்தேன். உன் அம்மா பின்னால் நின்று சொன்னா: "கப்பலுக்கு ஒரு கப்டன் இருக்கிறார். நீங்கள் ஹேர்னிங்கில நிண்டு முறைச்சுப் பார்த்தாப்போல அது திரும்பி வராது. சோறு ஆறுது, வாங்கோ." இப்போது கடல் உறையத் தொடங்கிவிட்டது, அம்புக்குறியும் இல்லை. நான் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இங்கே டென்மார்க்கில் நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். தாய்மொழி வகுப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பதிலாக உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். மலர் வெளிவருவதற்கு முன் இது உன் மின்னஞ்சலுக்கு வந்துவிடும், ஒரு படத்தோடு. ஏன் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன் என்பது போகப்போக உனக்கு விளங்கும். உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ மின்சாரத் தொழில் படித்தவன். கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரின் மின்நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடத்துக்கென்று போனாய். இப்போது மூன்று வருடம். அந்த ஊரின் ஒரே கடையில் வேலை செய்யும் நிவியை வரும் கோடையில் கைப்பிடிக்கப்போகிறாய். ஊருக்குத் தெரு இல்லை. ஆள் போவதென்றால் ஹெலிகொப்டர், பொருள் போவதென்றால் கடல். அந்தக் கடலும் வருடத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும்.

இங்கே ஓல்போர்க் துறைமுகத்தில் ஏற்றுகிற பொருள் நடுவில் ஒரு தடவை கப்பல் மாறி, உங்கள் பகுதிப் பட்டினத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு சிறிய கப்பலில் உங்களிடம் வர வேண்டும். அந்தச் சிறிய கப்பல்தான் கதையே. காற்று என்றால் வராது. அலை என்றால் படகை இறக்கமாட்டார்கள். வேறு ஊரில் பிந்தினால் உங்கள் ஊரைத் தாண்டிப் போய்விடும். முதல் வருடம் நீ இதையெல்லாம் பகிடியாகத்தான் சொல்வாய். "அப்பா, போன டிசம்பர் நத்தாருக்கு எடுப்பிச்ச சோடினை யூலையில வந்திருக்கு. நிவியின்ர தாய் அதை அப்பவே தொங்கவிட்டிட்டா, வெய்யிலுக்குள்ள!" என்று சிரித்தாய். இரண்டாம் வருடம் சிரிப்புக் குறைந்தது. ஒரு வீட்டுக்கு வர வேண்டிய கதவு வராமல், அந்த வீட்டுக்காரர் வாசலில் படங்கு கட்டிக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்டினார். பள்ளிக்கூடக் கொப்பிகள் பள்ளிக்கூடம் மூடிய கிழமை வந்தன. இந்த வருடம் கடையில் மாவும் பால்மாவும் முடிந்து, குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் என்று நிவி எழுதி ஒட்டினாள். அவளோடு கூடப் படித்தவளே அவளைக் கடை வாசலில் வைத்து ஏசினாளாம்.

மூன்று கிழமைக்கு முன் நீ தொலைபேசி எடுத்தாய். ஊரில் எல்லாருமாகச் சேர்ந்து கப்பல் கம்பனிக்கு ஒரு முறைப்பாடு எழுதுகிறீர்கள் என்றாய். கம்பனியின் ஆள் ஒருவர் டிசம்பரில் பட்டினத்துக்கு வருகிறார், அவர் கையில் கொடுக்க வேண்டும், டெனிஷில் எழுதும் பொறுப்பு உன்னுடையது. "அப்பா, நீங்கள் வாத்தியார்தானே. உதாரணங்களை எப்பிடி அடுக்கிறது?" என்று கேட்டாய். பிள்ளை என்னிடம் பாடம் கேட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வலுவான உதாரணத்தை முதலில் வை, கடிதாசியால் நிரூபிக்கக்கூடியதை வை, வாசிப்பவன் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றெல்லாம் விளாசினேன். நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அப்ப நீங்கள் அனுப்பின எங்கட பெட்டிதான் முதலாவது. செப்டெம்பர் கப்பல் ஒண்டுதான் ஒழுங்கா வந்தது. அதுவும் பெட்டியைத் துறைமுகத்தில விட்டிட்டு வந்தது. மாலிக்குக்கு நடந்ததையும் அதோட சேர்த்து எழுதினால் ஒருத்தரும் மறுக்கேலாது. சரிதானே?"

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஓம்தான் என்னை நடக்க வைக்கிறது.

நிவியின் அண்ணன் மாலிக்கைப் பற்றி நீ முதலில் சொன்னபோது அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "மாலிக் எண்டால் ஆர், முஸ்லிம் பெடியனோ?" அங்கே அந்தப் பெயருக்கு அலை என்று அர்த்தம் என்று நீ விளங்கப்படுத்தினாய். நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் கோத்து ஆழத்தில் இறக்கி ஹெலிபட் மீன் பிடிப்பவர். அவருடைய படகு மோட்டர் இருமத் தொடங்கிவிட்டது, அங்கே புதிதுக்கு ஓடர் கொடுத்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, நல்ல பழைய மோட்டர் ஒன்று பார்த்து அனுப்புங்கள் என்று யூனில் கேட்டாய். ஹொல்ஸ்டெப்ரோவில் ஒருவர் தன் படகை விற்றுவிட்டு மோட்டரை மட்டும் வைத்திருந்தார். நானும் அம்மாவும் போய் வாங்கி வந்தோம். அனுப்புவதென்று வந்தபோது, இவ்வளவு பெரிய மரப்பெட்டி செய்கிறோமே, கலியாணச் சாமானையும் அதற்குள்ளேயே வைப்போம் என்றேன். அம்மா கூறைச்சேலையைப் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, குத்துவிளக்கை உன் பழைய குளிர்ச்சட்டைக்குள் புதைத்து வைத்தா. "மோட்டருக்குப் பக்கத்தில கூறை. உலகத்தில வேற எந்தப் பொம்பிளைக்கும் இப்பிடிப் போயிராது" என்று சிரித்தா. நான் ஆணி அடித்தேன். கூறைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தது பிந்தியதால், எல்லாம் முடிந்தபோது திங்கட்கிழமை பின்னேரம். அந்தச் செப்டெம்பர் கப்பலுக்குத் துறைமுகத்தில் பொருள் ஏற்கும் கடைசி நேரம் மறுநாள், செவ்வாய் மதியம் பன்னிரண்டு.

செவ்வாய் கரிநாள்.

நீ இப்போது புருவத்தை உயர்த்துவாய். அப்பா பஞ்சாங்கம் பார்ப்பாரா? பார்க்கமாட்டேன் என்றுதான் ஊருக்கெல்லாம் சொன்னேன். உன் அக்காவின் கலியாணத்துக்கு மண்டபம் எந்தச் சனிக்கிழமை காலி என்று பார்த்து நாள் வைத்தவன் நான். ஐயர் தயங்கியபோது, "ஐயா, டென்மார்க்கில நல்ல நாளை மண்டபக்காரன்தான் தீர்மானிக்கிறான்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தவன். இரண்டு வருடத்தில் அந்தக் கலியாணம் முறிந்தது. யாரும் என்னை நேரே குறை சொல்லவில்லை. சின்னம்மா ஒருத்தி மட்டும் கோப்பியைக் கலக்கியபடி, "நாளும் சரியில்லைத்தானே" என்றா. அந்தச் சொல் எனக்குள் போய்க் குந்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி, பழைய கணிதப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் தூசு தட்டுவா.

திங்கள் பின்னேரம் அதை எடுத்துப் பார்த்தேன். மருமகளுக்குப் போகும் கூறை கரிநாளில் வீட்டு வாசலைத் தாண்டுவதா? ஒரு பிள்ளைக்குச் செய்தது போதாதா? புதன் காலை கொண்டுபோகிறேன் என்றேன்.

"அவங்கள் செவ்வாய் பன்னிரண்டு எண்டெல்லோ எழுதியிருக்கிறாங்கள்" என்றா அம்மா.

"உன்ர மகன் மூண்டு வருசமா என்ன சொல்லுறான்? அந்தக் கப்பல் ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிட்டதில்லை. ஒரு நாள் முன்பின்னா ஏத்துவாங்கள்."

"அப்ப மோட்டரையாவது நாளைக்குத் தனியக் கொண்டுபோய்க் குடுங்கோவன். மோட்டருக்கு என்ன கரிநாள்? அந்தப் பெடியன் கடலுக்குப் போறவன்."

"ஆணி அடிச்ச பெட்டியைத் திருப்பித் திறக்கிறதே? பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது எண்டு சும்மாவே சொன்னவை. பேசாமல் இரு."

அம்மா பேசாமல் இருந்தா. அவ சொன்னதுதான் சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் ஆணி கழற்றும் குறட்டை எடுக்க மனம் வரவில்லை.

புதன் காலை ஓல்போர்க்குக்கு இரண்டு மணி நேரம் கார் ஓடினேன். நல்ல வெயில். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் என் கடிதாசியைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உங்கள் மகனின் ஊருக்கான பொருள் ஏற்பதை நேற்று மதியமே மூடிவிட்டோம் என்றார். "கப்பல் பிந்தவில்லையா?" என்று கேட்டேன். கேள்வி எவ்வளவு விசித்திரமானது என்று அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "இல்லை," என்றார். "இந்த முறை எல்லாம் நேரத்துக்கு." பெட்டியை ஏற்றுக்கொண்டு திகதி அடித்த பற்றுச்சீட்டைத் தந்தார். அடுத்த கப்பல் மூன்று கிழமையில். அந்த அடுத்த கப்பலில் போன பெட்டிதான் ஒக்டோபரில் உங்கள் விரிகுடாவின் வாய்வரை இரண்டு தடவை வந்து திரும்பியது. கூறையும் மோட்டரும் இப்போது பட்டினத்துப் பண்டகசாலையில் இருக்கின்றன, பனி உடையும்வரை.

செப்டெம்பரில் முதல் கப்பல் நேரத்துக்கு வந்தபோது நீ கரையிலிருந்து தொலைபேசி எடுத்தாய். பின்னால் நாய்களும் பிள்ளைகளும் போட்ட சத்தம் கேட்டது. "அப்பா, எல்லாம் இறக்கியாச்சு, பெட்டி இல்லை. விட்டிட்டு வந்திட்டாங்களோ?" நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். "அப்பிடித்தான் போல" என்றேன். நான் பொய் சொல்லவேயில்லை, நீதான் சொன்னாய், நான் தலையாட்டினேன் என்று எனக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டேன். கணித வாத்தியார் அல்லவா? ஆனால் சங்கத்தின் ஒக்டோபர் வாணி விழாவில் பேசச் சொன்னபோது, இந்த நாட்டில் நேரம் தவறாமை என்பது தெற்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று தொடங்கி, துறைமுகத்தில் கைவிடப்பட்ட எங்கள் கலியாணப் பெட்டியை ஒரு கதையாகவே சொன்னேன். சனம் சிரித்தது, கை தட்டியது. அம்மா முன்வரிசையில் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தா.

அதற்குப் பத்து நாள் கழித்து மாலிக் பழைய மோட்டரோடு கடலுக்குப் போனார். மோட்டர் நடுக்கடலில் நின்றது. மூடுபனி. மறுநாள் மத்தியானம் இன்னொரு படகு கண்டுபிடிக்கும்வரை துடுப்பைப் பிடித்துப் பனிப்பாறைகளைத் தள்ளித் தள்ளியே தப்பியிருக்கிறார். இடக்கையில் இரண்டு விரல்கள் உறைந்துபோய், பட்டினத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தூண்டிலில் இரை கோக்கும் கை. நீ அழுதுகொண்டு சொன்னாய். கப்பல் கம்பனியை டெனிஷில் ஏசினாய், நான் உனக்கு ஒருநாளும் கற்பிக்காத சொற்களால். நான் மறுமுனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வீட்டுக்கணக்கைச் செய்யாமல், கொப்பியைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று வகுப்பில் சொன்னாய். உன் ஆசிரியை என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் தோழி. பாவம், பஸ் கம்பனிக்கே தொலைபேசி எடுத்திருக்கிறா. அன்று மாலை கொப்பியை உன் கட்டிலின் கீழே கண்டேன். மறுநாள் உன்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "எத்தினை பேருக்கு முன்னால சொன்னியோ அத்தினை பேருக்கு முன்னால திருத்து" என்றேன். நீ விக்கி விக்கிச் சொன்னாய். உன் காற்சட்டை நனைந்ததை நான் மட்டும் கண்டேன். அவ்வளவு கடுமை தேவையில்லை. அதற்கு உன்னிடம் இருபத்தைந்து வருடம் பிந்தி மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் விதி சரியான விதிதான். அதனால்தான் சங்கத்தின் மலரில், கை தட்டிய அத்தனை பேருக்கும் முன்னால் எழுதுகிறேன்: கம்பனி எங்கள் பெட்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. நான் பிந்திப் போனேன். உனக்கு அனுப்பும் படம் அந்தப் பற்றுச்சீட்டுத்தான். திகதியைப் பார்.

வகுப்பில் அடிக்கடி ஒன்று சொல்வேன். பத்துப் படிகளில் ஒன்பது சரி, முதல் படி பிழை என்றால் திருத்துபவன் மற்ற ஒன்பதையும் பார்க்கமாட்டான். உன் முறைப்பாட்டை வாங்குகிறவர் முதலில் எங்கள் பெட்டியைத்தான் தேடிப் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் அந்தத் திகதி வரும். அதற்குப் பிறகு படங்கு கட்டிய வாசலை யார் நம்புவார்கள்? பால்மாவை யார் நம்புவார்கள்? ஓர் ஊர் முழுக்கக் கையெழுத்திட்ட கடிதாசியை ஹேர்னிங்கிலிருந்து ஒரு கிழவன் தன் "ஓம்" என்ற ஒரு சொல்லால் கிழித்துப் போட்டதாக முடியும். நிவியின் வீட்டாருக்கு நீ யாராகத் தெரிவாய் என்றும் நினைத்தேன். நினைத்துத்தான் மூன்று கிழமை வாய் திறக்காமல் இருந்தேன். நிவி ஒவ்வொரு தடவையும் தொலைபேசியை உன்னிடமிருந்து பறித்து, அம்மா பழக்கிய தமிழில், "மாமா, சாப்பிட்டாச்சா? பெட்டி எங்கே?" என்று கேட்பாளே. சாப்பிட்டாச்சு என்று மட்டும் சொல்வேன்.

நேற்று மத்தியானம் மாலிக்கோடு பேசினேன். நீ மின்நிலையத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் எடுத்தேன். அவர் டெனிஷ் மெதுவாகப் பேசுவார், எனக்கும் அது வசதி. எல்லாவற்றையும் சொன்னேன், கரிநாள் உட்பட.

"அப்ப கப்பல் அண்டைக்குப் பிந்தேல்லை?" என்றார்.

"இல்லை."

"நம்பேலாமல் கிடக்கு," என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு, "மோட்டர் பழசெண்டு தெரிஞ்சுகொண்டுதான் நான் போனனான். விரலை உங்கட பெட்டிக்குள்ள தேடாதேங்கோ. ஆனால் அந்தக் கடிதாசியில என்ர பேர் கிடக்கு. பொய்க்குக் கீழ என்ர பேர் இருக்கக் கூடாது" என்றார்.

"மகனுக்கு நீங்கள் சொல்லுவீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"நானோ? அவன் உங்கட மகன். நீங்கள் சொல்லுங்கோ."

ஆகவே சொல்கிறேன், தம்பி. முதல் உதாரணத்தை வெட்டு. மாலிக்கின் விரல்களையும் அதோடு வெட்டு, அது அவர் கேட்டது. அந்த இடத்துக்கு வேறொன்றைத் தேடாதே, இரண்டாவதிலிருந்து தொடங்கு. செப்டெம்பர் கப்பல் சொன்ன நாளில் வந்தது என்றும் ஒரு வரி எழுது. வந்ததை வந்தது என்று எழுதினால்தான் வராததை வரவில்லை என்று நம்புவார்கள். திருத்தியதை மாலிக்குக்கு வாசித்துக் காட்டிவிட்டு, எல்லாரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்கு. ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல். உனக்குக் கோபம் வரும். வரட்டும். கொஞ்ச நாள் தொலைபேசி எடுக்காவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

கலியாணத்துக்கு அந்தக் கூறையைப் பார்த்துக்கொண்டிருக்காதே. நிவி தன் ஊர் உடுப்பில் நின்றால் அம்மாவுக்குப் போதும், கேட்டுவிட்டேன். நேற்று உன் அக்காவிடமும், அவள் இருக்கும் ஹோர்சன்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, பஞ்சாங்கக் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, அது நாளால முறியேல்லை. அவர் வாறன் எண்டு சொல்லுவார், வரமாட்டார். நாலு தரம், அஞ்சு தரம். பிறகு நான் யன்னலைப் பார்க்கிறதை விட்டிட்டன்." கலியாணத்தைப் பற்றி உனக்கு ஒரு பக்கம் எழுத வைத்திருந்தேன். அவள் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கப்பலுக்காகக் கரையில் நின்று பார்த்த உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தொடர்பைத் துண்டிக்கும் முன் மாலிக் இன்னொன்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை, அறிய விரும்பிக் கேட்டார்.

"அப்ப அந்தப் புதன்கிழமை? அது நல்ல நாளா இருந்ததோ?"

பிறகு சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ அவரைக் காணும்போது சொல்லிவிடு. இல்லையாம் என்று சொல்.

அப்பா